மஞ்சள் புள்ளி

டொக். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சின்னதாக இன்னொரு டொக். திரையில் சிவப்புக் கட்டம். இரட்டை அடி, செல்லாது, மறுபடி அடி என்கிறது. எனக்குத் தெரியாதா, என் காதென்ன செவிடா? சுத்தியல் போய்த் தொட வேண்டும், தொட்டதும் தானே திரும்பி வர வேண்டும், காய்ந்த தோசைக்கல்லில் பட்ட விரல் மாதிரி. வராமல் அங்கேயே நின்றால் இரும்பு எகிறி வந்து இரண்டாம் முறை முட்டும், கணக்கெல்லாம் குழம்பிப்போகும். சின்ன வயதில் கேரம் ஆடும்போது அண்ணன் கத்துவான், தள்ளாதடி, தட்டு, தள்ளினா ஃபவுல் என்று. அன்றைக்கு விரலுக்குப் புரிந்தது இன்றைக்குக் கைக்கு மறந்துவிட்டது. மறக்கவில்லை, கோபம். கோபமாக இருக்கிற கை தொட்டதை விடாது. கனகசபை சாரை அடிக்க முடியாது, அதனால் அவர் வரைந்த ஃபிரேமை அடிக்கிறேன், அதுவும் அளவாக. கோபம் தலைக்கேறி நிற்கிறவள் கையில் சுத்தியலைக் கொடுத்து, மெதுவாக அடி, பூப்போல அடி, ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடி என்று சொல்கிற வேலை உலகத்தில் வேறெங்காவது உண்டா? எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பி.இ. படித்துவிட்டு சுத்தியலால் தட்டுகிறாயா என்பார்கள். ஆமாம், தட்டுகிறேன், அதையும் ஒழுங்காகத் தட்டத் தெரியவில்லை என்று இப்போது பெயர் வாங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். எங்கள் டெஸ்ட் லேபுக்கு இதுதான் வேலை நேரம். மற்ற நேரத்தில் கிரேன் ஓடும், பிரஸ் குத்தும், லாரி பின்வாங்கும், தரையே ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் என் சுத்தியலின் அதிர்வை எங்கே பொறுக்குவது? அதனால் எல்லோரும் சாப்பிடும்போது நான் அடிக்கிறேன், எல்லோரும் வேலையைத் தொடங்கும்போது ஆறிப்போன தக்காளி சாதத்தைத் திறக்கிறேன். எதிரே அந்த ஃபிரேம், கட்டில் அளவு, நாலு காலும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. அரிசி மில்லில் உமியை ஊதித் தள்ளுகிற பெரிய புளோயர் இதன்மேல்தான் உட்காரும். நான் அடிப்பது ஒரு மூலையில். நடுச் சட்டத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, அதன்மேல் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சென்சார், மெழுகால் ஒட்டியிருக்கிறது. சுத்தியலின் மூக்கில் இருக்கிற சென்சார் எவ்வளவு பலமாக அடித்தேன் என்று சொல்லும், புளியங்கொட்டை இரும்பு எவ்வளவு ஆடியது என்று சொல்லும், கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து இரண்டு கோடு போடும். மேல்கோட்டில் எங்கே மலை எழுகிறதோ அந்த வேகத்தில் ஃபிரேம் பேயாட்டம் ஆடும். கீழ்க்கோடு சாட்சி. அது உச்சியில் நேராகப் படுத்திருந்தால் அடித்ததற்கும் ஆடியதற்கும் சம்பந்தம் உண்டு, நம்பலாம். குழி விழுந்தால் அந்த இடத்தில் மேல்கோடு சொல்வதை நம்பாதே. நேற்றும் இன்றும் என் கீழ்க்கோட்டில் ஒரு குழி. ஒரே ஒரு குழி, வினாடிக்கு இருபத்து நாலு ஆட்டம் என்கிற இடத்தில்.

வேறெங்கே விழுந்திருந்தாலும் நாய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது. புளோயர் மோட்டார் வினாடிக்கு இருபத்து நாலு சுற்று ஓடுகிறது. போன மாதம் காங்கேயம் பக்கத்தில் ஒரு மில்லில் இதே மாதிரி ஃபிரேமின் ஒரு கால், பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய், புளோயர் சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஃபிரேம் இருபத்து நாலில் ஆடும் என்றால் வரைந்தவர் தப்பு. ஆடாது என்றால் பற்றவைத்தவர் தப்பு. வரைந்தவர் கனகசபை சார், எங்கள் டிசைன் தலைவர், எனக்கும் தலைவர். பற்றவைத்தவர் சென்னியப்பன், சஸ்பெண்ட் ஆகி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் விசாரணை, இன்றோடு அவர் வேலை இருக்கிறதா போகிறதா என்று தெரிந்துவிடும். பழைய ரிப்போர்ட்டில் மேல்கோடு மட்டும்தான் உண்டு, அதில் இருபத்து நாலில் மலையே கிடையாது, தட்டையாக இருக்கும். புதிதாக ஒரு டெஸ்ட் எடுங்கள் என்று விசாரணைக் குழு கேட்டது கடமைக்குத்தான். நேற்று என் குழியைப் பார்த்துவிட்டு சார் நாலு பேர் முன்னால் சொன்னார்: "மேல்கோட்டைப் பாரு கோகிலா, ஒண்ணுமே இல்ல, பழையபடியேதான் இருக்குது. கீழ விழுந்த குழி உன் கையால விழுந்தது. உன் கை நிதானமில்லம்மா. குழி போற வரைக்கும் அடி, சுத்தமா எடுத்துக் குடு." நான், "சார், கையால இல்லீங்க, ஃபிரேம்லயே என்னமோ..." என்று ஆரம்பித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி நேற்றுக் காலையில்தான் என்னிடம் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனவள். சரி, கூடம் கோணலாகவும் இருக்கலாம் அல்லவா? அந்தப் பழமொழியைச் சொன்னவன் எவனாவது கூடத்தை அளந்து பார்த்தானா?

டொக். பச்சை. ஒன்று. இப்படி ஐந்து நல்ல அடி கிடைத்தால் சராசரி எடுத்துக் கோடு போடும். மூச்சை விட்டுவிட்டு அடி. டொக், பச்சை, இரண்டு. உன் கை நிதானமில்லம்மா. அந்த 'ம்மா' வேறு, கசாயத்தில் போட்ட சர்க்கரை. முட்டாள் என்று சொல்லியிருக்கலாம், சோம்பேறி என்று சொல்லியிருக்கலாம், துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். கையைச் சொன்னார். அப்பாவுக்கு என் வயதில்தான் தொடங்கியது. முதலில் டபராவுக்குள் டம்ளர் கிணுகிணுத்தது. காபி சூடு அதிகம் என்றார், அம்மா ஆற்றிக் கொடுத்தாள், ஆறிய காபியும் கிணுகிணுத்தது. அப்புறம் சட்டைப் பட்டன். அப்புறம் பேங்க்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒரு பொடியன் செக்கைத் திருப்பிக் கொடுத்தான், அப்பா அந்தச் செக்கை மடித்துப் பையில் வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், பின்னால் வரிசை நின்றது. நான் தினமும் காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கும்போது பார்க்கிறேன். பேஸ்ட் நேராக உட்கார்ந்தால் இன்றைக்குப் பிழைத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டரிடமும் போகவில்லை, போனால் ஏதாவது சொல்லிவிடுவார். இப்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறேன். உள்ளே என்னமோ ஓடுகிறது. நாடியா, நடுக்கமா? பயத்தில் நடுங்குவதற்கும் கோபத்தில் நடுங்குவதற்கும் நோயில் நடுங்குவதற்கும் தனித்தனிக் கோடு போட்டுக் காட்ட ஒரு மெஷினை எவனும் என் கையில் ஒட்டவில்லை. டொக். மேல்கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி சிலிர்த்துக்கொண்டது. இது நான் இல்லை. வெளியே பெஞ்சு இழுபடுகிற சத்தம்.

கண்ணாடிக் கதவைத் திறந்தால் சென்னியப்பன். விசாரணைக்கென்று தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருக்கிறார், மடியில் எலுமிச்சை சாதம், ஒரு கை டப்பாவில், மறு கை பெஞ்சில். "பெஞ்சை இழுக்காதீங்கண்ணா, உள்ள டெஸ்ட் ஓடுது, தெரியுமில்ல?" என்றேன். "வெயிலு மூஞ்சில அடிக்குதுங் மேடம், நகந்து உக்காரலாம்னு பாத்தனுங்" என்றார். "நீங்க நகந்தா இங்க கோடு ஆடுது." அவர் சோற்றை மென்று விழுங்கிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நா பெஞ்ச நகத்துனாவே ஆடிப்போற கோடுங்களா அது? அதை வெச்சா எம் பொழப்ப முடிவு பண்றீங்க?" கதவை மூடப்போனவளிடம், "சாப்புட்டீங்களா மேடம்?" என்று வேறு கேட்டார். எனக்கு இந்த ஆளைப் பிடிக்காது. ஒருநாளும் பிடித்ததில்லை. லேப் பக்கம் வரும்போதெல்லாம், தேங்கா எப்படிங் மேடம், முத்தலா இளசா என்று கேட்டுவிட்டு வெல்டிங் ஆட்கள் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பார். தட்டிப் பார்க்கிற டிபார்ட்மெண்ட் என்று எங்களுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். இவருக்காக நான் உருகவில்லை. இவர் பிழைப்பை என் கையில் கொண்டுவந்து வைத்தவர்கள்மேல்தான் எரிச்சல். குழியோடு கொடுத்தால் லேப் பெண்ணுக்குக் கை சரியில்லை, தூக்கிப் போடு, பழைய ரிப்போர்ட்டே போதும் என்பார்கள். குழி இல்லாமல் கொடுத்தால் பார், புதிதும் அதையே சொல்கிறது என்பார்கள். எப்படிக் கொடுத்தாலும் அவருக்கு ஒரே முடிவுதான், நடுவில் என் கைக்கு மட்டும் கெட்ட பெயர். இதே ஃபிரேம் இன்னும் எத்தனை மில்லில் ஓடிக்கொண்டிருக்கிறது? இந்த நிமிஷம் எவனோ ஒருத்தன் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு உமி மூட்டை கட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு இரண்டு கால் இருக்கும்.

முதலிலிருந்து. ஐந்தும் பச்சை. கோடு வந்தது, குழி அதே இடத்தில். சுத்தியல் மூக்கின் ரப்பரைக் கழற்றி நைலான் போட்டேன். மேல்கோடு கொஞ்சம் மாறியது, குழி அங்கேயே. பலமாக அடித்தேன், குழி. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி அடித்தேன், குழி. இடது கையால் அடித்தேன், இரண்டு சிவப்பு வந்தது, அப்புறம் பச்சை, அதிலும் குழி. பத்திலும் நூறிலும் முந்நூறிலும் சாட்சிக்கோடு உச்சியில் சொகுசாகப் படுத்திருக்கிறது, இருபத்து நாலில் மட்டும் யாரோ விரலால் அமுக்கிவிட்ட மாதிரி. வலது கை கெட்டது சரி, இடது கையும் அதே இடத்தில் கெட்டதா? சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அப்பாவின் கை காபிக்கு மட்டும் நடுங்கவில்லை. பட்டனுக்கும் நடுங்கியது, பேனாவுக்கும் நடுங்கியது, என் கல்யாணத்தில் தாரைவார்க்கும்போது செம்பு நடுங்கி அய்யர் வேட்டியெல்லாம் தண்ணீர். நடுங்குகிற கை எல்லாவற்றுக்கும்தான் நடுங்கும். இதற்கு நடுங்கு, அதற்கு நடுங்காதே என்று பொறுக்கி எடுக்க அதற்கு வழியில்லை. என் கை மோசமென்றால் கோடு முழுக்கக் குண்டும் குழியுமாக அல்லவா இருக்க வேண்டும்? இருபத்து நாலை மட்டும் தேடிப்பிடித்து நடுங்க என் கைக்கு ஜோசியமா தெரியும்? இது கையில்லை. ஐயோ, இது கையே இல்லை. இரண்டு நாளாக நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நிற்கிறேன், இந்தாள் பல்லைக் குத்திக்கொண்டு பழமொழி சொல்லிவிட்டுப் போகிறார்.

கையில்லையென்றால் பின் எது? அடி போகிறது, பச்சை சொல்கிறது. அடித்தது புளியங்கொட்டைக்கு எட்டவில்லை. இருபத்து நாலில் மட்டும் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை, வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு எதையோ உளறுகிறது. ஏன் கேட்கவில்லை? ஆடாததாலா? ஃபிரேம் ஆடவில்லையா, அந்த இடம் ஆடவில்லையா? கேன்டீனில் ஜன்னலோரத்து மேசை ஒன்று இருக்கிறது, ஒரு கால் குட்டை, எத்தனை அட்டையை மடித்து வைத்தாலும் தள்ளாடிக்கொண்டே இருக்கும். மூலையில் டீ வைத்தவன் சட்டையெல்லாம் டீ. நடுவில் உப்பு ஜாடி மட்டும் சிவனே என்று உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டால் மேசை ஆடவில்லை என்றுதான் சொல்லும், பொய்யும் இல்லை. உப்பு ஜாடி. மஞ்சள் புள்ளி. லேபுக்கு வருகிற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கனகசபை சாரே டேப் வைத்து அளந்து, சரியாக நடுவைக் கண்டுபிடித்து, மோதிர விரலால் மஞ்சள் பெயின்டைத் தொட்டுப் பொட்டு வைப்பார். ஆயுதபூசை மாதிரி நாங்கள் சுற்றி நிற்போம். அந்த இடம் வழவழப்பு, மெழுகு நன்றாகப் பிடிக்கும், எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே இடமாக இருந்தால் ஒப்பிட வசதி என்பார். மூலைகள் மாறிமாறி மேலும் கீழும் முறுக்கிக்கொண்டு ஆடும்போது ஆடாமல் நிற்கிற ஒரே இடம் அந்த நடுதான். உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை அவருக்கு. ஆடாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு, ஆட்டமே இல்லை என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம். மேல்கோடு தட்டையாக இருக்கத்தான் செய்யும். அந்தத் தட்டையை நம்பித்தான் ஒரு ஆளின் கால் போனது, இன்னொரு ஆளின் சோறு போகப்போகிறது.

நகத்தால் நெம்பிப் புளியங்கொட்டையை எடுத்தேன். இன்னொரு மூலையில் பெயின்டைச் சுரண்டி, மெழுகைத் தேய்த்து ஒட்டினேன். கை ஆடியதா? ஆடியது, நன்றாகவே ஆடியது, ஆடட்டும். அதை டாக்டரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன், அதற்கு கனகசபை தேவையில்லை. பயமாகவும் இருந்தது. மலை வரவில்லையென்றால் என் கை என் கைதான், சென்னியப்பன் போக வேண்டியவர்தான், சிரித்த நாலு பேரும் நியாயமாகச் சிரித்தவர்கள்தான். வந்துவிட்டால் அதைவிட மோசம், இந்த ஆளின்கீழ் இன்னும் எத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும். டொக். தட்டிவிட்டு வந்துவிட்டது சுத்தியல், பச்சை. டொக், பச்சை. கோபம் துளியும் குறையவில்லை, ஆனால் கை விட்டுவிடுகிறது. கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது கோபம் இல்லை போலிருக்கிறது, சந்தேகம். ஐந்தாவது அடி. கோடு வந்தது. இருபத்து நாலில் மலை. மலை என்றால் சின்னக் குன்று இல்லை, திரையின் கூரையை முட்டிக்கொண்டு ஒற்றையாக நிற்கிறது. அதற்கு நேர் கீழே சாட்சிக்கோடு, குழி மூடி, மழுங்கல்கூட இல்லாமல் உச்சியில் நேராகப் படுத்திருந்தது. நான் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பிரின்ட் எடுத்தேன். சென்சார் வைத்த இடம் மூலை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு பிரதி எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மணிக்கு முன்னாலேயே கனகசபை சார் வந்துவிட்டார், வாயில் பல்குத்தி. "என்னம்மா, சுத்தமா வந்துச்சா?" என்றார். "வந்துச்சு சார்." திரையைப் பார்த்தார். பல்குத்தி அசையாமல் நின்றது. அப்புறம் ஃபிரேமைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். "புள்ளியில வெக்கலையா?" "இல்லீங்க சார். ஆடுற எடத்துல வெச்சேன்." "யாரு உன்னைய மாத்தச் சொன்னது? பழைய ரிப்போர்ட்டோட எப்படி ஒப்பிடறது? புள்ளியிலயே வெச்சு எடு. கை நிதானமா அடி." சொல்ல ஆரம்பித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். சென்சாரைக் கழற்றி மஞ்சள் புள்ளியில் ஒட்டினேன், சுத்தியலைத் துடைத்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே அடிங்க சார். உங்க கை நிதானமான கை." கண்ணாடிக்கு வெளியே சென்னியப்பன் கை கழுவிவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனாலோ என்னவோ சார் சுத்தியலை வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் அடித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஐந்தும் பச்சை. கோடு வந்தது, மேலே தட்டை, கீழே இருபத்து நாலில் குழி. "ஒண்ணு தள்ளிட்டேன் போலிருக்குது" என்றார், என்னிடம் இல்லை, ஃபிரேமிடம். மறுபடி ஐந்து. குழி. கழுத்து வியர்த்திருந்தது, பல்குத்தி கீழே கிடந்தது. "கேபிள் பழசு" என்றார். "புதுக் கேபிள் சார், போன வாரம் மாத்துனது." எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நாலு பேர் இல்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

மணி அடித்தது. எங்கோ தூரத்தில் கிரேன் உறுமத் தொடங்கியது, இனி என்ன அடித்தாலும் ஒன்றுக்கும் ஆகாது, அது அவருக்கும் தெரியும். பிரின்ட்டை எடுத்துக்கொண்டு, "விசாரணைக்கு நான் போறேன் சார்" என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. கதவைத் திறந்தேன். சென்னியப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வாய்வரைக்கும் வரவில்லை. "தேங்கா எப்படிங் மேடம்?" என்று கேட்டார். "அழுகல்ணா" என்றேன். "உங்க வெல்டிங்ல இல்ல. வாங்க, போலாம்." அவர் அங்கேயே நின்றார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் என் பின்னால் வந்தார். படியில் இறங்கும்போது பின்னால் லேபுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டொக். உடனே, அதை ஒட்டியே, சின்னதாக இன்னொரு டொக்.